பூட்டில் சிக்கும் கேஷ்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

மலையகத் தோட்டங்களில் கொழுந்து நிறுவை காலை, மதியம், மாலை என மூன்று வேளை நடக்கும். ஹட்டனில் கூடையைத் தராசில் வைக்கும் அதே நேரத்தில்தான் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் வைப்பார்கள். நிறுவையைக் கைப்பேசியில் பதிந்து இணையச் செயலிக்கு அனுப்பும் முறையில், சேவருக்கு நாள் முழுக்க ஓய்வும் மூன்று வேளை அடியும் என்ற நிலைதான். சிக்னல் கிடைக்காத மேற்கணக்கு மலைகளில் பதிவுகள் கைப்பேசியிலேயே சேர்ந்து கிடந்து, கணக்கப்பிள்ளை ரோட்டுக்கு இறங்கியதும் மொத்தமாக வந்து விழும். ஒரு நாளின் சராசரியைப் பார்த்துச் சேவரின் அளவைத் தீர்மானித்தவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்.

இப்படியொரு செயலியில் கேஷில், அதாவது அடிக்கடி தேவைப்படும் தரவை மெமரியில் எடுத்துவைக்கும் இடத்தில், வைத்திருப்பவை பெரும்பாலும் சின்னச் சின்ன விபரங்கள்: டிவிசன் பட்டியல், தொழிலாளரின் பதிவு எண்கள், அன்றைய கிலோ விலை, ஈரத்துக்கும் கூடைக்கும் கழிக்கும் அளவு, தேயிலைத் தரங்கள். தரவுத்தளத்தைக் காப்பாற்றத்தான் கேஷ் போடுகிறோம். ஆனால் அந்தக் கேஷைக் காக்கப் போட்ட பூட்டே, அதாவது ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை (செயலிக்குள் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் ஓட்டத்தை) மட்டும் உள்ளே விடும் லொக்கே, செயலியின் கழுத்தை நெரிப்பது அடிக்கடி நடக்கிறது. கீழே சொல்வது ஜாவா, ஸ்பிரிங், டொம்கெட் பாவிப்பவர்களுக்கு. மற்ற மொழிகளிலும் காரணங்கள் இவைதான், பெயர்கள்தான் வேறு.

முதலில் திரெட் டம்ப்

கோடில் கைவைக்க முன்னர் திரெட் டம்ப், அதாவது ஒவ்வொரு திரெட்டும் அந்தக் கணத்தில் எங்கே நிற்கிறது என்ற பட்டியல், எடுங்கள். அடி விழுந்துகொண்டிருக்கும் நேரத்திலேயே எடுக்க வேண்டும். எல்லாம் ஓய்ந்த பிறகு எடுத்தால் ஒன்றும் தெரியாது. ஜேசிஎம்டி கட்டளைக்குச் செயலியின் பிராசஸ் எண்ணைக் கொடுத்து, திரெட் பிரிண்ட் என்ற பணியை "எல்" தெரிவோடு கேளுங்கள். அந்தத் தெரிவை விட்டால் ரீஎன்ட்ரன்ட் லொக் போன்ற பூட்டுகளை எந்தத் திரெட் வைத்திருக்கிறது என்பது டம்பில் வராது. ஜேடிகே கருவிகள் இல்லாத கன்டெய்னர் என்றால் கில் கட்டளையை மைனஸ் 3 கொடுத்து அனுப்புங்கள். செயலி நிற்காது, டம்ப் அதன் வழக்கமான வெளியீட்டில் வந்து விழும்.

5 வினாடிக்கு ஒன்றாக நான்கு டம்ப் எடுங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் ஒரு கணத்து நெரிசலையும் நிரந்தர நெரிசலையும் பிரித்தறிய முடியாது. நான்கிலும் ஒரே முகவரிக்காகத் திரெட்டுகள் காத்திருந்தால் ஆள் பிடிபட்டாயிற்று.

வாசிக்கும் முறை இது. "பிளொக்ட்" நிலையில் உள்ள திரெட்டுகளில் "வெயிட்டிங் டு லொக்" என்ற வரியைத் தேடுங்கள். அதன் பக்கத்தில் பதினாறடிமான முகவரி ஒன்று இருக்கும். எந்த முகவரி அதிக தடவை வருகிறது என்று எண்ணுங்கள். பிறகு அதே முகவரி "லொக்ட்" என்று வரும் திரெட்டைத் தேடுங்கள். பூட்டு அதன் கையில்தான் இருக்கிறது. அந்தத் திரெட்டின் ஸ்டெக்கில், அதாவது அது கடந்து வந்த மெதட்டுகளின் பட்டியலில், மேலே உள்ள நாலைந்து வரிகளே விடை. அங்கே சொக்கெட் வாசிப்பு தெரிந்தால், பூட்டைப் பிடித்துக்கொண்டு தரவுத்தளத்தின் பதிலுக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம்.

ரீஎன்ட்ரன்ட் லொக் வகையில் "பிளொக்ட்" என்று வராது. "வெயிட்டிங்" என்றும் "பார்க்கிங் டு வெயிட் ஃபோர்" என்றும் வரும். வேலையில்லாத டொம்கெட் திரெட்டுகளும் இதே நிலையில்தான் கிடக்கும், ஏமாந்துவிடாதீர்கள். அவற்றின் ஸ்டெக்கில் டாஸ்க் கியூ என்ற பெயர் இருக்கும், உங்கள் கோடின் பெயர் ஒன்றும் இருக்காது.

ஜேவிஎம்மோடு வரும் பதிவுக் கருவியான ஜாவா ஃப்ளைட் ரெக்கோடரையும் ஓடவிடலாம். ஆனால் அதன் இயல்பு அமைப்பில் 20 மில்லிவினாடிக்கு மேல் நீடித்த பூட்டுக் காத்திருப்புகளே பதிவாகும். ஒவ்வொன்றும் 2 மில்லிவினாடியாக ஆயிரம் காத்திருப்புகள் நடந்தால் அதில் ஒரு புள்ளிகூட விழாது. அப்படிச் சந்தேகம் இருந்தால் அந்த வரம்பைக் குறைத்து வையுங்கள், அல்லது அசிங்க் புரொஃபைலரை லொக் நிகழ்வோடு ஓட்டுங்கள்.

அறிகுறி: சிபியு சும்மா கிடக்கிறது, பக்கம் திறக்க எட்டுப் பத்து வினாடி எடுக்கிறது

பெரும்பாலானோரின் கோளாறு இதுதான். டம்பில் நூற்றுக்கு மேற்பட்ட திரெட்டுகள் ஒரே முகவரிக்காக நிற்கும். கோடில் தேடினால், கேஷைப் படிக்கும் மெதட் முழுவதும் சிங்க்ரனைஸ்ட் (ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டும்) என்று அறிவிக்கப்பட்டிருக்கும். கேஷில் இருந்தால் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் தரவுத்தளத்தில் எடுத்துக் கேஷில் போட்டுக் கொடு என்ற இரண்டு வேலையும் அந்த ஒரே பூட்டுக்குள் நடக்கும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். தரவுத்தள வினவல் 40 மில்லிவினாடி எடுத்தால், அந்தப் பூட்டு வழியாக வினாடிக்கு 25 பேர்தான் போகலாம். எத்தனை கோர் இருந்தாலும் 25தான். டொம்கெட்டின் இயல்பு அளவான 200 திரெட்டும் கேஷில் இல்லாத விபரத்தைக் கேட்டு வரிசையில் நின்றால், கடைசியாக நிற்பவருக்கு 8 வினாடி. இந்த நிலையில் பலர் செய்கிற முதல் காரியம் திரெட் எண்ணிக்கையை 400 ஆக்குவது. அதனால் கடைசி ஆளின் காத்திருப்பு 16 வினாடியாகும். வேறு பலன் இல்லை. தராசு ஒன்றுதான் இருக்கிறதென்றால் கூடையோடு நிற்பவர்களைக் கூட்டி என்ன பயன்?

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பூட்டு எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்பதுதான். எத்தனை திரெட் என்பது அதற்குப் பிறகு. பூட்டுக்குள் மெமரியில் ஒரு தடவை பார்ப்பது மட்டும் இருந்தால் அது ஒரு மைக்ரோவினாடியைத் தொடுவதே அரிது. நெட்வொர்க், டிஸ்க், பதிவேடு எழுதுதல், ஜேசன் ஆக்கம் என்று எது உள்ளே வந்தாலும் அந்த நேரம் ஆயிரக்கணக்கான மடங்காகிவிடும்.

திருத்தம், விபரத்தின் தன்மையைப் பொறுத்தது. டிவிசன் பட்டியல், தேயிலைத் தரம், கழிவு அளவு போன்றவை சில ஆயிரம் வரிகளைத் தாண்டாது, எப்போதாவதுதான் மாறும். இவற்றுக்குப் பூட்டே வேண்டாம். முழுப் பட்டியலையும் தரவுத்தளத்திலிருந்து ஒரே தடவையில் வாசித்துப் புதிய மெப் (விசையைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் அட்டவணை) ஒன்றை உருவாக்குங்கள். மெப் கொப்பி-ஓஃப் மூலம் அதை மாற்ற முடியாததாக்குங்கள். வொலடைல் (எழுதியது எல்லாத் திரெட்டுக்கும் தெரியும்) என்று அறிவித்த ஒரே மாறியில் அதைப் போடுங்கள். வாசிப்பவர்கள் அந்த மாறியைப் படித்துவிட்டுப் போவார்கள், யாரும் யாருக்கும் காத்திருக்கத் தேவையில்லை. 5 நிமிடத்துக்கு ஒருமுறை தனித் திரெட் ஒன்று புதிய மெப்பைக் கட்டி, பழையதன் இடத்தில் வைத்துவிடும்.

இதில் இரண்டு பொறி உண்டு. ஒன்று, ஷெடியூல்ட் எக்ஸிகியூட்டரில் போட்ட வேலை ஒருமுறை பிழை எறிந்தால் அதன்பின் ஒருபோதும் ஓடாது. ஓடவில்லை என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். தரவுத்தளம் ஒரு நிமிடம் விழுந்து எழுந்தால், கேஷ் அன்றைக்கு மாலைவரை பழசாகவே இருக்கும். எனவே வேலைக்கு உள்ளேயே எல்லாப் பிழையையும் பிடித்துப் பதிவேட்டில் எழுதுங்கள், கடைசியாகப் புதுப்பித்த நேரத்தைக் கண்காணிப்புப் பக்கத்தில் காட்டுங்கள். மற்றது, ஒரு கோரிக்கைக்குள் அந்த மாறியை ஒருமுறை மட்டும் வாசித்து உள்மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவை வாசித்தால், நடுவில் மெப் மாறி, கிலோ விலை பழசும் கழிவு அளவு புதுசுமாகக் கணக்கு வரலாம்.

தொழிலாளர் விபரம் போல பல்லாயிரக்கணக்கில் விரியும் தரவுகளுக்கு இந்த வழி பொருந்தாது. அவற்றுக்கு ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியான காத்திருப்பு வேண்டும். அது அடுத்த அறிகுறியில்.

அறிகுறி: எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது, சரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் திணறுகிறது

கேஷின் காலாவதி 10 நிமிடம் என்று வைத்திருப்பீர்கள். காலாவதியான கணத்தில் வந்த அத்தனை திரெட்டும் "இல்லை" என்று கண்டு, அத்தனையும் தரவுத்தளத்துக்கு ஓடும். தரவுத்தளத்தின் பதிவேட்டைப் பாருங்கள். ஒரே வினவல் ஒரே வினாடியில் நூறு தடவை இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஸ்பிரிங்கின் கேஷபிள் குறியீடு இயல்பாக எந்தப் பூட்டும் போடாது. "சிங்க்" என்ற பண்பை ட்ரூ ஆக்கினால்தான், கீழே இருக்கும் கேஷ் அதற்கு ஒத்துழைத்தால், ஒரு விசைக்கு ஒருவர் மட்டும் போவார்.

கையால் எழுதுவதென்றால், கேஷில் விடையை வைக்காமல் விடையின் வாக்குறுதியை, அதாவது கம்ப்ளீட்டபிள் ஃபியூச்சரை வையுங்கள். கொன்கரன்ட் ஹாஷ்மெப்பில் புட்-இஃப்-அப்சென்ட் மூலம் புதிய ஃபியூச்சரைப் போட முயலுங்கள். அது நல் (வெறுமை என்ற மதிப்பு) திருப்பினால் முதலில் வந்தவர் நீங்கள். தரவுத்தளத்துக்குப் போய் விடையை ஃபியூச்சரில் நிரப்புவது உங்கள் பொறுப்பு. வேறொரு ஃபியூச்சர் திரும்பினால் அதற்காகக் காத்திருங்கள், காத்திருப்புக்கு 2 வினாடி போன்ற எல்லையும் வையுங்கள். இந்த முறையில் மெப்பின் பூட்டு ஒரு கணம் மட்டுமே பிடிபடுகிறது. 40 மில்லிவினாடி வேலை பூட்டுக்கு வெளியே நடக்கிறது.

வினவல் தோற்றால் ஃபியூச்சரைப் பிழையோடு முடித்து மெப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது விசையை மட்டும் கொடுக்காமல், விசையையும் ஃபியூச்சரையும் சேர்த்துக் கொடுக்கும் ரிமூவ் வடிவத்தைப் பாவியுங்கள். இல்லாவிட்டால் இன்னொருவர் இதற்குள் போட்ட புது ஃபியூச்சரைத் தூக்கி எறிந்துவிடுவீர்கள்.

தரவுத்தளம் படுத்த நேரத்தில் சாதாரணப் பூட்டு என்ன செய்யும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வினவலின் காலக்கெடு 5 வினாடி, பூட்டுக்கு முன் 200 திரெட். முதலாமவர் 5 வினாடி காத்துத் தோற்பார். பூட்டு இரண்டாமவருக்குப் போகும், அவரும் கேஷில் இல்லையென்று கண்டு இன்னொரு 5 வினாடி. இப்படியே போனால் கடைசி ஆளுக்கு 1000 வினாடி. தரவுத்தளம் ஒரு நிமிடத்தில் எழுந்தாலும் செயலி எழாததற்கு இதுவும் ஒரு காரணம். ஃபியூச்சர் முறையில் காத்திருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பிழை போய்ச் சேரும். தோல்வியையே 5 வினாடிக்குக் கேஷில் வைத்தால் இன்னும் நல்லது.

காலாவதியையே தவிர்க்க முடியுமென்றால் அதுதான் மேல். கஃபீன் என்ற ஜாவா கேஷ் நூலகத்தில் ரிஃப்ரெஷ்-ஆஃப்டர்-ரைட் என்ற அமைப்பு உண்டு. அதில் 8 நிமிடமும் எக்ஸ்பயர்-ஆஃப்டர்-ரைட்டில் 30 நிமிடமும் கொடுத்தால், 8 நிமிடம் கடந்தபின் முதலில் கேட்பவர் பழைய விடையை உடனே பெற்றுக்கொண்டு போவார், பின்னணியில் புதியது வரும். கேட்பார் இல்லாத விசைக்குப் புதுப்பிப்பு நடக்காது. ஆகவே மதிய நிறுவைக்கும் மாலை நிறுவைக்கும் இடையில் எல்லாமே காலாவதியாகி, மாலையில் மறுபடி மொத்தமாக அடிக்கும். இரண்டாவது எண்ணை அந்த இடைவெளியை விட நீட்டி, 6 மணித்தியாலம் என்று வைப்பது இந்த வேலைக்குப் பொருத்தம். ஆனால் அந்த முதல் ஆளுக்கு மணிக்கணக்கில் பழசான விடை கிடைக்கும் என்பதையும் யோசியுங்கள். பதிவு எண்ணுக்குப் பரவாயில்லை, விலைக்கு ஆகாது. புதுப்பிப்பு வேலை இயல்பாக ஜாவாவின் பொது ஃபோர்க்-ஜொயின் குழாமில் ஓடும். தரவுத்தள வினவலை அங்கே விடாமல் தனி எக்ஸிகியூட்டரைக் கொடுங்கள். குவாவா என்ற நூலகத்தின் பழைய கேஷில் இதே பெயருள்ள அமைப்பு, புதுப்பிப்பை முதலில் கேட்டவரின் திரெட்டிலேயே செய்யும். பெயரை நம்பி மாற வேண்டாம்.

எளிய கேஷ்தான் கையில் இருக்கிறதென்றால், காலாவதியை 10 நிமிடம் என்று நிலையாக வைக்காமல் 9 முதல் 11 நிமிடத்துக்குள் ஒவ்வொரு விசைக்கும் தற்போக்காகக் கொடுங்கள். வெவ்வேறு விசைகள் ஒரே கணத்தில் விழுவதை இது தடுக்கும். ஒரே சூடான விசையை மொய்ப்பதை இது தடுக்காது. சேவர்கள் நான்கு இருந்தால் நான்கு வினவல் போகும், அதைப் போகட்டும் என்று விடலாம். அதற்காக ரெடிஸ் போன்ற பொதுக் கேஷ் சேவரில் பகிர்ந்த பூட்டுப் போடப் போனால், தீர்த்த சிக்கலை விடப் பெரிய சிக்கலை விலைக்கு வாங்குவீர்கள்.

அறிகுறி: கொன்கரன்ட் ஹாஷ்மெப் போட்ட பிறகும் பிளொக்ட் குறையவில்லை

டம்பில் கம்ப்யூட்-இஃப்-அப்சென்ட் என்ற பெயர் தெரிகிறதா? இந்த மெதட் ஒரு விசைக்கு ஒரே தடவை கணக்கிடும் என்று உறுதி தருகிறது. அந்த உறுதியை, மெப்பின் ஒரு பெட்டியை (ஹாஷ் எண்ணால் விசைகளைப் பிரித்துப் போடும் அறைகளில் ஒன்றை) கணக்கிட்டு முடியும் வரை பூட்டிவைத்துத் தருகிறது. ஜாவா 7 வரை இந்த மெப்பில் இயல்பாக 16 பகுதிகளுக்குத் தனித்தனிப் பூட்டு இருந்தது. ஜாவா 8 முதல் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்று. தொடக்கத்தில் பெட்டிகள் 16தான். கேஷ் வெறுமையாக இருக்கும் காலை நேரத்தில் நூறு வெவ்வேறு விசைகள் 16 பெட்டிக்குள் முட்டிக்கொள்ளும். ஒருவர் தரவுத்தளத்தில் நிற்க, சம்பந்தமே இல்லாத விசைக்காரர் பின்னால் நிற்பார். மெப் பெருக்கப்படுவதும் அந்தப் பெட்டியில் தடைப்படும்.

உடனடி மருந்து, மெப்பை உருவாக்கும்போதே தொடக்கக் கொள்ளளவாக 4096 போன்ற எண்ணைக் கொடுப்பது. முழு மருந்து, உள்ளே ஃபியூச்சரை மட்டும் உருவாக்கி வேலையை வெளியே செய்வது. கஃபீனின் சாதாரண கெட் மெதட்டும் இதே பெட்டிப் பூட்டின் மேல்தான் நிற்கிறது. அதன் அசிங்க் கேஷ் வடிவம் ஃபியூச்சரையே வைப்பதால் இந்தச் சிக்கல் இல்லை, தோற்ற ஃபியூச்சரையும் தானே அகற்றிவிடும்.

ஜாவா 8 இல் இன்னொரு குறை உண்டு. விசை ஏற்கெனவே இருந்தாலும் கம்ப்யூட்-இஃப்-அப்சென்ட் பெட்டியைப் பூட்டிப் பார்த்தது. ஜாவா 9 இல், பெட்டியின் முதல் ஆளாக விசை இருந்தால் பூட்டாமல் திருப்பும்படி திருத்தினார்கள். எந்தப் பதிப்பானாலும் முதலில் கெட் செய்து, நல் வந்தால் மட்டும் கம்ப்யூட்-இஃப்-அப்சென்ட்டுக்குப் போங்கள். கெட் எதையும் பூட்டாது.

கணக்கிடும் ஃபங்ஷனுக்குள் அதே மெப்பைத் தொடுவது வேறொரு கேடு. தொழிலாளர் விபரத்தை எடுக்கும்போது அவருடைய டிவிசனையும் அதே மெப்பில் தேடிப் போட்டால், ஜாவா 8 இல் அந்தத் திரெட் சுழன்றுகொண்டே கிடக்கலாம். ஜாவா 9 முதல் "ரிகர்சிவ் அப்டேட்" என்ற பிழை வரும். அது வந்தால் நல்ல காலம் என்று எடுத்துக்கொண்டு, டிவிசனுக்கு வேறு மெப் வையுங்கள்.

சிலர் விசையின் ஸ்ட்ரிங்கை இன்டர்ன் செய்து அதன் மேல் சிங்க்ரனைஸ் செய்வார்கள். செய்ய வேண்டாம். அந்த ஸ்ட்ரிங் ஜேவிஎம் முழுவதற்கும் பொது. எந்த நூலகம் அதே எழுத்துகளைப் பூட்டும் என்று உங்களுக்குத் தெரியாது. விசைவாரியாகப் பூட்டுத்தான் வேண்டுமென்றால் 64 அல்லது 256 பூட்டுள்ள அணி ஒன்றை வைத்து, ஹாஷ் எண்ணால் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். குவாவாவின் ஸ்ட்ரைப்ட் வகுப்பு இதைத்தான் செய்கிறது.

அறிகுறி: சரியாக 30 வினாடி உறைந்து, பிறகு பிழை மழை

30 என்ற எண்ணே துப்பு. ஹிகாரி கனெக்‌ஷன் குழாமில் ஒரு கனெக்‌ஷனுக்காகக் காத்திருக்கும் இயல்புக் காலக்கெடு அது. குழாம் என்பது தரவுத்தளத் தொடர்புகளைத் திறந்துவைத்து மாறிமாறிக் கொடுக்கும் இடம், அதன் இயல்பு அளவு 10.

நடப்பது இப்படி. நிறுவையைப் பதியும் பத்துத் திரெட்டுகள் டிரான்ஸக்‌ஷனைத் திறந்து பத்து கனெக்‌ஷனையும் எடுத்துவிட்டன. பிறகு விலை தேவைப்பட்டுக் கேஷுக்கு வருகின்றன. கேஷின் பூட்டு பதினோராவது திரெட்டிடம் இருக்கிறது. அது விலையை எடுக்கக் கனெக்‌ஷன் கேட்டு நிற்கிறது. பத்துப் பேர் பூட்டுக்காக, ஒருவர் கனெக்‌ஷனுக்காக. 30 வினாடி கழித்து அந்த ஒருவர் தோற்றுப் பூட்டை விட, தேர் நகரும், அடுத்த நெரிசலில் மீண்டும் நிற்கும். திரெட் டம்பின் அடியில் வரும் டெட்லொக் (ஒருவரையொருவர் காத்து நிற்றல்) அறிவிப்பை எதிர்பார்த்து இருக்காதீர்கள். கனெக்‌ஷன் குழாம் ஜேவிஎம்முக்குப் பூட்டாகத் தெரியாததால் அந்த அறிவிப்பு வராது. டம்பில் ஹிகாரியின் கெட்-கனெக்‌ஷனில் நிற்கும் திரெட்டின் கையில் உங்கள் பூட்டு இருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும்.

திருத்தம், வரிசையை மாற்றுவது: கேஷில் எடுக்க வேண்டியதையெல்லாம் டிரான்ஸக்‌ஷனைத் திறக்கும் முன்னரே எடுத்துவிடுங்கள். பலர் இதற்குப் பதில் குழாமைப் பெருக்குகிறார்கள். ஒவ்வொரு திரெட்டும் ஒரே நேரத்தில் இரண்டு கனெக்‌ஷன் பிடிக்கக்கூடுமென்றால், குழாமில் டெட்லொக் வராதிருக்கத் தேவையான எண், திரெட் எண்ணிக்கையை ஒன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டியது. 200 திரெட்டுக்கு 201 கனெக்‌ஷன். அவ்வளவு கனெக்‌ஷனைத் தோட்டக் கந்தோரில் இருக்கும் சின்னத் தரவுத்தள சேவர் தாங்காது.

எவ்வளவு காத்திருந்தாலும் விடுபடாமல் ரீஸ்டார்ட் கேட்கிறதென்றால், ரீட்-ரைட் லொக்கைத் தேடுங்கள். வாசிப்புப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே எழுதும் பூட்டைக் கேட்டால் ரீஎன்ட்ரன்ட் ரீட்-ரைட் லொக் ஒருபோதும் கொடுக்காது, தன்னைத் தானே பூட்டிக்கொண்டதாகும். வாசிப்புப் பூட்டை விட்டு, எழுதும் பூட்டை எடுத்து, கேஷில் இப்போது இருக்கிறதா என்று மறுபடி பார்த்துவிட்டே போட வேண்டும். எழுதும் பூட்டிலிருந்து வாசிப்புக்கு இறங்குவது மட்டும் ஆகும்.

அறிகுறி: சிபியு கொதிக்கிறது, கோர்களைக் கூட்டினால் வேகம் கூடவில்லை

தரவுத்தளம் அமைதி, பிளொக்ட் திரெட்டும் அதிகம் இல்லை, ஆனாலும் 4 கோரிலிருந்து 16 கோருக்கு மாறியபோது பலனில்லை. எல்லாக் கோரும் ஒரே மெமரி வரியை எழுதப் போட்டி போடும்போது இப்படி ஆகும். இன்றைய சேவர்களில் பெரும்பாலும் 64 பைட் அளவான அந்த வரி, எழுதும் ஒவ்வொரு கோருக்கும் மாறிமாறிப் பயணப்படும்.

முதல் சந்தேகம் ரீட்-ரைட் லொக். வாசிப்பவர் எத்தனை பேரும் சேர்ந்து போகலாம் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு வாசிப்பவரும் பூட்டின் உள்ளே இருக்கும் ஒரே 32 பிட் எண்ணைக் கூட்டியும் குறைத்தும் போக வேண்டும். உள்ளே செய்யும் வேலை மெப்பில் ஒரு தடவை பார்ப்பது மட்டுமானால், அந்த எண்ணைத் திருத்தும் செலவே வேலையை விட அதிகம். இந்தப் பூட்டு நீண்ட வாசிப்புக்கு உதவும், கேஷுக்குப் பெரும்பாலும் உதவாது. முன்சொன்ன வொலடைல் மெப் அல்லது கொன்கரன்ட் ஹாஷ்மெப்புக்குப் போங்கள்.

இரண்டாவது, கேஷ் எத்தனை தடவை கைகொடுத்தது என்று எண்ணும் எண்ணி. எல்லாத் திரெட்டும் ஒரே அடொமிக் லொங்கைக் கூட்டினால், பூட்டில்லாத கேஷையும் அது நாசமாக்கும். ஜாவா 8 முதல் இருக்கும் லொங் அடர் எண்ணியைப் பல துண்டாக வைத்துக் கேட்கும்போது மட்டும் கூட்டிச் சொல்கிறது. கூட்டுத்தொகை அந்தக் கணத்துக்குத் துல்லியமாக இராது. கண்காணிப்புக்கு அது போதும், கொழுந்துக் கிலோவைக் கூட்ட அதைப் பாவிக்காதீர்கள்.

மூன்றாவது, எல்ஆர்யு ஒழுங்கு, அதாவது நெடுநேரம் தொடாததை முதலில் வெளியேற்றும் முறை. ஒவ்வொரு வாசிப்பும் பட்டியலில் ஓர் ஆளை முன்னுக்கு நகர்த்தினால், வாசிப்பே எழுத்தாகிவிடும். கஃபீன் வாசிப்புகளைத் துண்டு துண்டான இடையகங்களில் குறித்துவைத்துப் பின்னர் மொத்தமாகப் பயன்படுத்துகிறது, இடையகம் நிறைந்தால் சில குறிப்புகளை விட்டும்விடுகிறது. அதனால்தான் அதில் வாசிப்பு நெரிசல் இல்லை. சொந்தமாக எல்ஆர்யு எழுதும் ஆசையை இங்கேயே கைவிடலாம்.

கன்டெய்னருக்கு ஒரு சிபியு என்று எல்லை போட்டிருந்தால் வேறொரு முகம் தெரியும். லினக்ஸ் அந்த எல்லையை இயல்பாக 100 மில்லிவினாடிக் கட்டங்களில் கணக்கிடும். பங்கு தீர்ந்தவுடன் பூட்டைப் பிடித்திருக்கும் திரெட்டும் அந்தக் கட்டம் முடியும் வரை உறங்கும், எல்லோரும் அதற்காகக் காத்திருப்பார்கள். இந்த எல்லையைக் கணக்கிடும் லினக்ஸ் பகுதியான சிகுரூப்பின் சிபியு புள்ளிவிபரத்தில் திரொட்டில் (பங்கு தீர்ந்து நிறுத்திவைத்த) எண்ணிக்கை ஏறுகிறதா பாருங்கள்.

அறிகுறி: பூட்டை எடுத்தாயிற்று, இப்போது விடை பிழை

வேகத்துக்காகப் பூட்டைக் கழற்றியவர்கள் இந்த இடத்துக்கு வந்தே தீருவார்கள். இதை மெதுமையை விடப் பாரதூரமாக எடுக்க வேண்டும். பக்கம் தாமதமானால் கிளாக்கர் முணுமுணுப்பார். கழிவு அளவு பிழையானால் ஒருவருடைய சம்பளத்தில் அது விழும்.

சாதாரண ஹாஷ்மெப்பைப் பூட்டில்லாமல் பகிர்ந்தால் உள்ளீடுகள் தொலையும். ஜாவா 7 இல் மெப் பெருகும்போது சங்கிலி வட்டமாகி, கெட் மெதட்டிலேயே சிபியு 100 சதவீதம் சுழலும். லிங்க்ட் ஹாஷ்மெப்பை அணுகல் ஒழுங்கில் வைத்து, வாசிப்புப் பூட்டின் கீழ் கெட் செய்வதும் இதே வகைப் பிழை: அந்த கெட் உள்ளே பட்டியலைத் திருத்துகிறது.

கேஷிலிருந்து எடுத்த அரேலிஸ்ட்டை ஒருவர் பெயர் வரிசைக்கு அடுக்க, இன்னொருவர் அதையே சுற்றிவந்தால் கொன்கரன்ட் மொடிஃபிகேஷன் பிழை வரும், சில வேளை பிழை வராமலே பெயர் விடுபடும். கேஷுக்குள் போகும் ஒவ்வொன்றையும் லிஸ்ட் கொப்பி-ஓஃப் செய்து வையுங்கள்.

விலையை மாற்றிக் கேஷையும் அழித்த பிறகு பழைய விலை திரும்பி வருகிறதென்றால், அழித்தல் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். டிரான்ஸக்‌ஷன் கொமிட் ஆகும் (உறுதியாகப் பதியும்) முன் அழித்தால், இடையில் வந்தவர் பழைய விலையை வாசித்துக் கேஷில் போட்டுவிடுவார். ஸ்பிரிங்கில் ஆஃப்டர்-கொமிட் அழைப்பில் அழிக்க வேண்டும். கொமிட்டுக்கு முன்னரே வாசித்துவிட்டு மெதுவாக வந்து போடும் திரெட்டும் உண்டு. ஃபியூச்சர் முறையில் இதற்குத் தனி மருந்து தேவையில்லை: அழித்ததும் அந்த ஃபியூச்சர் மெப்பை விட்டுப் போய்விடும், தாமதமாக வந்த விடை ஏற்கெனவே காத்திருந்தவர்களுக்கு மட்டுமே போகும்.

மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபியில் இயல்பு நிலை ரிப்பீட்டபிள் ரீட். டிரான்ஸக்‌ஷனின் முதல் வாசிப்பில் எடுத்த படத்தையே அது முடியும் வரை காட்டும். நீண்ட டிரான்ஸக்‌ஷனுக்குள்ளிருந்து கேஷை நிரப்பினால், புது விலை கொமிட் ஆகி ஒரு நிமிடம் கழிந்தும் பழையதே கேஷில் ஏறும். இதற்காகக் கேஷ் நிரப்பலைத் தனி டிரான்ஸக்‌ஷனுக்கு மாற்றினால் இரண்டாவது கனெக்‌ஷன் தேவைப்பட்டு, 30 வினாடி அறிகுறிக்கே திரும்புவீர்கள். இதற்கும் வழி, டிரான்ஸக்‌ஷனுக்கு முன் கேஷைப் படிப்பதுதான்.

அறிகுறி: வெர்ச்சுவல் திரெட்டுக்கு மாறியதும் மொத்தமாக நின்றது

வெர்ச்சுவல் திரெட் என்பது ஜாவாவே சமாளிக்கும் இலேசான திரெட், சில உண்மைத் திரெட்டுகள் அவற்றில் பலவற்றைச் சுமக்கும். ஜாவா 21 இல் சிங்க்ரனைஸ்ட் பகுதிக்குள் நெட்வொர்க்குக்குக் காத்திருக்கும் வெர்ச்சுவல் திரெட், தன்னைச் சுமக்கும் உண்மைத் திரெட்டையும் பிடித்துவைத்துக்கொள்ளும். சுமக்கும் திரெட்டுகள் கோர் எண்ணிக்கை அளவுதான். 4 கோர் சேவரில் நான்கு வினவல்கள் இப்படி மாட்டினால் செயலி நின்றுவிடும். கம்ப்யூட்-இஃப்-அப்சென்ட்டும் உள்ளே சிங்க்ரனைஸ்ட்தான். ஜாவா 24 இல் இந்த ஒட்டுதலைப் பெரும்பாலும் நீக்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய பதிப்பென்றால் ரீஎன்ட்ரன்ட் லொக் அல்லது ஃபியூச்சர்.

திருத்தியதைச் சோதிக்கும் விதம்

மூன்று சோதனை போதும். கேஷை வெறுமையாக்கிவிட்டு 200 கோரிக்கைகளை ஒரே நேரத்தில் ஒரே விசைக்கு அனுப்புங்கள். தரவுத்தளப் பதிவேட்டில் ஒரு வினவல் மட்டும் இருக்க வேண்டும். அடுத்து, 200 வெவ்வேறு விசைகளுக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு வினவலிலும் செயற்கையாக 500 மில்லிவினாடித் தாமதம் வைத்து, குழாம் 10 என்றால் மொத்தம் சுமார் 10 வினாடியில் முடிய வேண்டும். 100 வினாடி எடுத்தால் எங்கேயோ இன்னும் ஒரே பூட்டு இருக்கிறது. மூன்றாவதாக, சோதனையின் நடுவில் தரவுத்தளத்தை ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஏற்றி, செயலி தானாக எழும்புகிறதா, எத்தனை வினாடியில் என்று பாருங்கள்.

சராசரி நேரத்தைப் பார்க்காதீர்கள், 99 ஆம் சதமானத்தை (நூறில் 99 கோரிக்கைகள் எந்த நேரத்துக்குள் முடிகின்றன என்பதை) பாருங்கள். நெரிசல் அங்கேதான் தெரியும். சேவரை ரீஸ்டார்ட் செய்யும்போது சின்னப் பட்டியல்கள் ஏறி முடியும் வரை ரெடினஸ் சோதனை "தயார்" என்று சொல்லாதபடி வையுங்கள். கரண்ட் போய் வந்த பிறகு, பிடித்துவைத்த பதிவுகளோடு எல்லாத் தோட்டமும் ஒன்றாகக் கதவைத் தட்டும் நேரத்தில் கேஷ் வெறுமையாக இருக்கக் கூடாது.